கட்டிடத்துக்குக் காப்பு உண்டு; கட்டுகிறவனுக்கு?

சில ஆண்டுகளுக்கு முன் தாராவியில், 90 அடி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், நாம் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தோம். செம்பூரில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டிடத்தின் ஐந்தாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்து இறந்த சென்ட்ரிங் தொழிலாளியின் வீடு அது. அவருக்கு வயது 30. நெல்லைச் சீமையிலிருந்து வந்து 11 ஆண்டு ஆகியிருந்தது. மனைவி, இரண்டு குழந்தைகள், ஊரில் வயதான தாய்.

வாசலில் மேஸ்திரி நின்றார். இறந்தவருக்கு அதே ஊர், ஒருவகையில் உறவும்கூட. ஒரு கையில் 60,000 ரூபாய் வைத்த உறை. மறுகையில் ஒரு முத்திரைத்தாள். “முழுத் தொகையும் பெற்றுக்கொண்டோம், இனி எங்களுக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை” என்று அதில் மராத்தியில் டைப் அடித்திருந்தது. அந்தப் பெண் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தார்கள்.

“இன்ஷூரன்ஸ் எதுவும் இல்லையா?” என்று கேட்டோம்.

“இருக்கு அண்ணாச்சி. பில்டர் ஆபீசிலேயே கேட்டு நகல் வாங்கிட்டு வந்திருக்கேன்” என்று நாலாக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார்.

படித்துப் பார்த்தோம். இன்ஷூரன்ஸ் உண்மைதான். ஆனால் அது கட்டிடத்துக்கு எடுத்த பாலிசி. தீ, வெள்ளம், இடிவு, திருட்டு என்று வரிசையாகப் போட்டிருந்தது. சிமென்ட், கம்பி, இயந்திரம் எல்லாம் அதில் அடக்கம். வேலை செய்கிற ஆள் மட்டும் அதில் இல்லை. வெள்ளத்தில் சிமென்ட் மூட்டை போனால் பணம் வரும். சிமென்ட் சுமந்தவன் போனால் வராது!

மேஸ்திரி நம்மை ஏமாற்றவில்லை. அவருக்கே தெரியாது. அந்தத் தெரியாமைதான் இன்று நம் மக்களின் முதல் எதிரி என்பதால் இதை எழுதுகிறோம்.

மேஸ்திரி கூலியா, முதலாளியா?

தாராவி, மாதுங்கா லேபர் கேம்ப், செம்பூர், சீத்தா கேம்ப் எங்கே போனாலும், பத்து ஆளைச் சேர்த்துக்கொண்டு வேலை எடுக்கிற தமிழ் மேஸ்திரி ஒருவர் இருப்பார். கொத்தனாராக வந்தவர், தாய்மொழிக்காரர், நாக்காவில் நின்று ஆள் பிடிப்பவர். ஊர்த் திருவிழாவுக்கு முதல் நோட்டு எழுதுபவரும் அவரே. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி வேலை எடுக்கிறார். சனிக்கிழமை கூலி பிரிக்கிறார். “நானும் உங்களைப் போலக் கூலிக்காரன்தானே அண்ணாச்சி” என்று சொல்கிறார். மனதளவில் அது உண்மை. சட்டத்தின் கண்ணில் அப்படியில்லை. ஆளைத் தேர்ந்து, கூலி கொடுத்து, வேலை வாங்குகிறவர் காண்ட்ராக்டர். அவருக்கு லைசென்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் காண்ட்ராக்டர்தான்.

இலங்கை, மலேயாத் தோட்டங்களுக்கு நம் முன்னோரை அழைத்துப்போன கங்காணியும் இப்படித்தான். உறவுக்காரன், ஊர்க்காரன், ஆனால் துரையின் ஆள். கேள்வி வரும்போது துரை கங்காணியைக் காட்டுவான், கங்காணி துரையைக் காட்டுவான். நடுவில் நின்றவன் பசியோடு நிற்பான்.

1982ல் தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக ஸ்டேடியங்களும் மேம்பாலங்களும் கட்டினார்கள். நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு குறைந்தபட்சக் கூலி. அதில் ஆளுக்கு ஒரு ரூபாயை ஜமாதார்கள் பிடித்துக்கொண்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. கூலி கொடுப்பது காண்ட்ராக்டரின் வேலை என்று அரசுத் தரப்பு கை கழுவப் பார்த்தது. அதை நீதிமன்றம் ஏற்கவில்லை. தன் வேலையைக் காண்ட்ராக்டர் மூலம் நடத்துகிறவருக்கும், தொழிலாளர் சட்டம் மதிக்கப்படுகிறதா என்று பார்க்கும் கடமை உண்டு என்று 1982 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு நமக்கு ஒரு சொத்து.

நஷ்டஈட்டிலும் அதே நியாயம். 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, பில்டர் தன் தொழிலின் ஒரு பகுதியைக் காண்ட்ராக்டரிடம் கொடுத்து நடத்தினால், அடிபட்டவருக்கு பில்டரே பொறுப்பு என்று எழுதியிருக்கிறது. இன்றைய சட்டத்திலும் அது இருக்கிறது. ஆனால் அதே பிரிவின் அடுத்த வரியை நம் மேஸ்திரிகள் யாரும் படித்ததில்லை. கொடுத்த பணத்தைக் காண்ட்ராக்டரிடம் திரும்ப வசூலிக்கும் உரிமையும் பில்டருக்கு உண்டு என்பதே அந்த வரி.

செம்பூர்க் கதை முடிந்ததும் அந்த வரியில்தான். முத்திரைத்தாளில் கையெழுத்து விழாமல் தடுத்தோம். மனுப் போட்டோம். “அந்த ஆளை எங்களுக்குத் தெரியாது” என்றார்கள். சம்பளச் சீட்டு கிடையாது, மஸ்டர் கிடையாது. வாட்ச்மேன் வைத்திருந்த வருகைப் பதிவேடு ஒன்றுதான் நம்மைக் காப்பாற்றியது. மூன்று வருடம் நடந்த பிறகு பணம் வந்தது. பில்டர் கட்டினார், கட்டிவிட்டு மேஸ்திரிக்குத் தரவேண்டிய பில்லை முழுவதும் நிறுத்திக்கொண்டார். போதாததற்கு மேஸ்திரி ஊரில் இருந்த வீட்டையும் விற்றார். சாரத்திலிருந்து விழுந்தது ஒருவர்; வீழ்ந்தது இரண்டு குடும்பம். இருவருமே நம்மவர்.

லைசென்ஸ் வேண்டாமென்றால் பொறுப்பும் வேண்டாமா?

1970ல் காண்ட்ராக்ட் தொழிலாளர் சட்டம் வந்தது. 20 பேரை வைத்து வேலை வாங்கினால் லைசென்ஸ் எடு என்றது. 1979ல் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் வந்தது. பிற மாநிலத்திலிருந்து 5 பேரை அழைத்து வந்தாலே லைசென்ஸ் எடு என்றது. 1996ல் கட்டிடத் தொழிலாளர் சட்டமும், அதற்கான செஸ் சட்டமும் வந்தன. எடுத்தவர் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரிந்த கதை.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் இந்தப் பழைய சட்டங்கள் போய், 2020ல் நிறைவேறிய தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. மத்தியத் தொழிற்சங்கங்களில் பெரும்பாலானவை இவற்றை எதிர்த்தன, நாமும் எதிர்க்கிறோம். எதிர்ப்பது ஒன்று, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்வது மற்றொன்று. தெரியாமல் எதிர்த்தால் அடி நமக்கே விழும்.

புதிய சட்டப்படி காண்ட்ராக்டர் லைசென்ஸ் 50 பேரும் அதற்கு மேலும் வைத்திருப்பவருக்குத்தான் கட்டாயம். மகாராஷ்டிர அரசு தனித் திருத்தத்தின் மூலம் முன்பே 20ஐ 50 ஆக்கிவிட்டது. லைசென்ஸ் ஐந்தாண்டுக்குச் செல்லும். இதைக் கேட்டதும் 15 ஆள் வைத்திருக்கும் நம் மேஸ்திரி மகிழ்ந்துபோகிறார். “நமக்கு லைசென்ஸே வேண்டாமாம், தொல்லை விட்டது” என்கிறார்.

இங்கேதான் கண்ணி இருக்கிறது. லைசென்சுக்குத்தான் 50 பேர் கணக்கு. நஷ்டஈட்டுக்கு ஆள் கணக்கே கிடையாது. ஒரு மாடிக்கு மேல் எழும் கட்டிடத்தில் ஒரே ஒரு ஆளை வேலைக்கு வைத்து, அந்த ஒரு ஆள் விழுந்தாலும் நஷ்டஈடு கொடுத்தே ஆகவேண்டும். ஈ.எஸ்.ஐ.யில் சேர்க்கப்பட்டவருக்கு அந்த அலுவலகம் கொடுக்கும். மற்ற எல்லோருக்கும் பொறுப்பு வேலை கொடுத்தவர் தலையில்தான். 50க்குக் கீழே இருக்கும் மேஸ்திரிக்குக் காகிதமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. பாரம் மட்டும் முழுதாக இருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பெரிய கட்டிடத்தில் மேஸ்திரிக்குப் பின்னால் பில்டர் இருக்கிறார். செம்பூரில் ஒரு வீட்டுக்காரர் தன் வீட்டுச் சுவரைப் பூசவும் மாடி எடுக்கவும் நம் மேஸ்திரியிடம் கொடுக்கிறார் என்று வையுங்கள். வீட்டுக்காரர் கட்டிடத் தொழில் நடத்துகிறவர் அல்லர். ஆகவே பில்டர்மேல் பாயும் அந்தப் பிரிவு அவர்மேல் பொதுவாகப் பாயாது. அங்கே பொறுப்பு மேஸ்திரி ஒருவர் தலையிலேயே நிற்கும். “சின்ன வேலைதானே” என்று நினைக்கும் வேலையில்தான் ஆபத்து அதிகம்.

இரண்டு பாலிசி, இரண்டு கதை

ஆகவே இன்ஷூரன்ஸ் பற்றி ஒவ்வொரு மேஸ்திரியும், ஒவ்வொரு தொழிலாளியின் குடும்பமும் தெரிந்துகொள்ளவேண்டியது இதுதான். கட்டிட வேலையில் இரண்டு பாலிசிகள் உண்டு.

முதலாவது ‘காண்ட்ராக்டர் ஆல் ரிஸ்க்’ என்பது. பெயரில் ‘ஆல்’ இருக்கிறது, அதனால் எல்லாம் அடக்கம் என்று நம்பிவிடக் கூடாது. எழும்பிக்கொண்டிருக்கும் கட்டிடம், அதற்கான சாமான் ஆகியவற்றுக்கு நேரும் சேதமே அதில் வரும். ‘மூன்றாம் நபர்’ என்று ஒரு பிரிவு இருக்கும். அது தெருவில் போகிறவன் தலையில் கல் விழுந்தால் கொடுக்கும் பணம். அங்கே வேலை செய்கிறவன் மூன்றாம் நபர் ஆகமாட்டான்.

இரண்டாவதுதான் தொழிலாளர் நஷ்டஈட்டுப் பாலிசி. நம் மக்கள் ‘டபிள்யூ.சி. பாலிசி’ என்பார்கள். அடிபட்டவருக்கு வேலை கொடுத்தவர் சட்டப்படி கொடுக்கவேண்டிய தொகையை இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுக்கும். பிரீமியம், எத்தனை ஆள், என்ன வேலை, மொத்தக் கூலி எவ்வளவு என்பதைப் பொறுத்தது.

இதிலும் மூன்று ஓட்டைகள் உண்டு. பிரீமியத்தைக் குறைக்க 20 ஆளை 5 என்றும், 900 ரூபாய் கூலியை 400 என்றும் எழுதிக்கொடுத்தால், கிளெய்ம் வரும்போது கம்பெனி அதையே பிடித்துக்கொள்ளும். சப் காண்ட்ராக்டர் ஆட்களும் அடக்கம் என்று தனியாக எழுதி வாங்காவிட்டால் பெரிய காண்ட்ராக்டரின் பாலிசி நம் மேஸ்திரியின் ஆளுக்கு உதவாது. ஆஸ்பத்திரிச் செலவையும் தனியாகச் சேர்க்கவேண்டும். தாமதத்துக்கான வட்டியும் அபராதமும் பொதுவாகப் பாலிசியில் வராது; அவை சொந்தக் கையிலிருந்துதான் போகும்.

எவ்வளவு தொகை? கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். மரணம் என்றால் மாதக் கூலியில் பாதியை, வயதுக்கென்று சட்டம் வைத்திருக்கும் எண்ணால் பெருக்கவேண்டும். கணக்குக்கு எடுக்கும் மாதக் கூலியின் உச்சத்தை 2020 ஜனவரியில் மத்திய அரசு 15,000 ரூபாய் என்று வைத்தது. வயது 30 என்றால் எண் 207.98. ஆகவே 7,500ஐ 207.98ஆல் பெருக்கினால் 15,59,850 ரூபாய். அந்தத் துக்க வீட்டு வாசலில் நீட்டப்பட்டது எவ்வளவு? 60,000!

தாய்மார்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். மரண நஷ்டஈட்டை வீட்டுக்கு வந்து கையில் கொடுத்து முடிக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. முன்பு கமிஷனர் என்றும் இன்று தகுதியுள்ள அதிகாரி என்றும் சொல்லப்படுகிறவரிடம்தான் தொகையைக் கட்டவேண்டும். கையில் கொடுத்தது நஷ்டஈட்டுக் கணக்கில் சேராது. மூன்று மாதக் கூலி வரை முன்பணமாகக் கொடுத்ததை மட்டும் கழித்துக்கொள்ளலாம். உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கிய முத்திரைத்தாளும் செல்லாது. ஆனாலும் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டு அது செல்லாது என்று நிரூபிக்க வருடக்கணக்கில் அலையவேண்டியிருக்கும். மனுவுக்கு இரண்டு ஆண்டு கெடு உண்டு. காரியம் முடிந்து ஊருக்குப் போய்விட்டோமே என்று கலங்க வேண்டாம். குடும்பம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம்.

ஒரு சதவீதமும் ஒரு கையெழுத்தும்

கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் செஸ்ஸாக வசூலிக்கப்படுகிறது. அந்தப் பணம் கட்டிடத் தொழிலாளர் நல வாரியத்துக்குப் போகிறது. தமிழ்நாட்டில் கட்டிடத் தொழிலாளர் வாரியம் 1994லேயே வந்துவிட்டது. சங்கங்கள் தெருவில் நின்று போராடிப் பெற்ற வாரியம் அது. மகாராஷ்டிரத்தில் 2011ல்தான் வந்தது. செஸ் பணம் தொழிலாளிக்குப் போகாமல் அரசுகளிடம் தேங்கிக் கிடப்பதை 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே கண்டித்தது.

வயது 18க்கு மேல் 60க்குள், முந்தைய 12 மாதத்தில் 90 நாள் கட்டிட வேலை செய்திருந்தால் யாரும் பதிந்துகொள்ளலாம். தமிழர், பீகாரி, ஒடியா என்ற பேதம் இல்லை. பதிந்தவர் வேலையில் விபத்தில் இறந்தால் மகாராஷ்டிர வாரியம் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் தருகிறது. இது நஷ்டஈட்டுக்குப் பதில் அல்ல, அதற்கு மேல் கிடைப்பது.

தடை எங்கே? அந்த 90 நாளுக்கான சான்றில். வேலை கொடுத்தவர் கையெழுத்துப் போடவேண்டும். பில்டர் போடமாட்டார், அது நாம் எதிர்பார்த்ததுதான். நம் மேஸ்திரி ஏன் போடமாட்டேன் என்கிறார்? “கையெழுத்துப் போட்டா நாளைக்கு நான் மாட்டிக்குவேன் அண்ணாச்சி.” கையெழுத்துப் போடாவிட்டாலும் மாட்டிக்கொள்வார் என்பதைச் செம்பூர் காட்டிவிட்டதே! மறைந்துகொண்டால் பொறுப்பு போய்விடாது. உதவி மட்டும்தான் போய்விடும்.

மும்ப்ராவும் மவுலிவாக்கமும்

2013 ஏப்ரல் 4 அன்று மும்ப்ராவுக்கு அருகே ஷீல் பாட்டாவில், அனுமதியின்றிக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த கட்டிடம் இடிந்து 74 பேர் மாண்டார்கள். மேலே மாடி எழும்ப, கீழே வேலைக்காரரும் ஏழைக் குடும்பங்களும் குடியிருந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் புதைந்தார்கள்.

அடுத்த ஆண்டு 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். பம்பாயில் நாம் ‘வெளியாள்’ என்று அடிபட்ட காலத்தை மறக்கவில்லை. சென்னையில் அவர்கள் வெளியாட்கள். சிமென்டுக்கு அடியில் புதைந்தவனுக்கு மொழி எது, மாநிலம் எது? ஆகவே நம் மேஸ்திரியின் கீழ் பீகாரியோ வங்காளியோ வேலை செய்தால், நமக்கு நாம் கேட்பதையெல்லாம் அவருக்கும் கொடுக்கவேண்டும். கேட்கும்போது தொழிலாளி, கொடுக்கும்போது கங்காணி என்ற இரட்டை வேடம் நம் இயக்கத்துக்கு ஆகாது.

முடியாது என்கிறவர்களுக்கு

“சதுர அடிக்குக் கிடைப்பதே கொஞ்சம். இதில் பிரீமியம் வேறா?” என்று மேஸ்திரிகள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஒரு மேஸ்திரி மட்டும் பிரீமியத்தைச் சேர்த்து ரேட் சொன்னால், பக்கத்து மேஸ்திரி குறைத்துச் சொல்லி வேலையைத் தட்டிக்கொண்டு போவார். இது ஒருவர் தனியாகச் செய்கிற காரியம் அல்ல. அதற்குத்தான் சங்கம். ஒரு வட்டாரத்து மேஸ்திரிகள் எல்லோரும் சேர்ந்து, “டபிள்யூ.சி. பிரீமியம் ரேட்டுக்கு மேல் தனி” என்று ஒரே குரலில் சொன்னால் பில்டர் எங்கே போவார்? டெண்டர் எடுக்கும் கம்பெனி தன் இயந்திரத்துக்குக் கட்டும் பிரீமியத்தை விலையில் சேர்க்கவில்லையா? ஆளுக்குக் கட்டுவதைச் சேர்த்தால் மட்டும் கணக்கு உதைக்குமா?

இதை இப்போதே செய்யவேண்டிய காரணமும் உண்டு. தாராவி மறுசீரமைப்பு டெண்டர் 2022 நவம்பரில் அதானி குழுமத்துக்குப் போயிற்று. அந்தத் திட்டம் நமக்கு வாழ்வா தாழ்வா என்பது தனி வாதம். ஆனால் கட்டிடங்கள் எழும்பும்போது பெரிய கம்பெனி தன் கையால் கலவை போடாது. சப், அந்தச் சப்புக்கு ஒரு சப், கடைசிப் படியில் நம் மேஸ்திரி, அவர் கீழே நம் பிள்ளைகள். நம் வீட்டை இடித்த இடத்தில் நம் ஆளே விழுந்து செத்து, நம் ஆளே நஷ்டஈடு கட்டி அழிவதா?

நாம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்.

மேஸ்திரிகளே! பில்டருடன் வேலை பேசியதை எழுத்தில் வாங்குங்கள். கையெழுத்துப் போடும் முன், விபத்துப் பொறுப்பு முழுவதும் உங்களுடையது என்ற வரி இருக்கிறதா என்று படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பில்டரின் டபிள்யூ.சி. பாலிசியில் உங்கள் ஆட்கள் அடக்கமா என்று நகலோடு கேளுங்கள். அடக்கமில்லை என்றால் நீங்களே எடுங்கள். 50 பேரைத் தொட்டால் லைசென்ஸ் எடுங்கள். நாற்பது பக்க நோட்டாவது வாங்கி ஆள் பெயர், நாள், கூலி எழுதி வையுங்கள். 90 நாள் சான்றில் கையெழுத்துப் போடுங்கள்.

தொழிலாளத் தோழர்களே! வேலைக்குச் சேரும்போது கூலியைக் கேட்பதுபோல் பாலிசியையும் கேளுங்கள். வாரியத்தில் பதியுங்கள். பேங்க் கணக்கு வைத்திருப்பவர்கள் வருடம் 20 ரூபாயில் கிடைக்கும் பிரதமர் விபத்து இன்ஷூரன்சில் சேருங்கள். விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரும். வேலை செய்யும் இடம், பில்டர் பெயர், மேஸ்திரி பெயர் மூன்றையும் எழுதி வீட்டில் மனைவியிடம் கொடுத்து வையுங்கள். அந்தத் துண்டுக் காகிதம் இல்லாமல் அலைந்த குடும்பங்கள் பல.

சங்க அலுவலகத்துக்கு மேஸ்திரியும் வரலாம், சித்தாளும் வரலாம். காகிதத்தைக் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து படிப்போம். அடுத்த முறை ஒரு துக்க வீட்டு வாசலில் யாராவது உறையையும் முத்திரைத்தாளையும் நீட்டினால், உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து, “அண்ணே, பாலிசி நகல் எங்கே?” என்று கேட்கவேண்டும். அப்படிக் கேட்கும் பெண்கள் தாராவியில் தெருவுக்குப் பத்துப் பேர் இருந்தால் போதும். சாரம் கட்டுகிறவர்கள் தாமாகவே உறுதியாகக் கட்டுவார்கள்.